ஓடிக்கொண்டிருந்த வண்டி ஏன் நின்றது?

உத்தரபாடா ஆலையில் அம்பாசடர் கார் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆனால் சால்ட் லேக் தெருக்களில் காலை நடை போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், இன்னும் பல வீட்டு வாசல்களில் தார்ப்பாய் போர்த்திய ஓர் அம்பாசடர் நிற்கிறது. விற்க மனமில்லை, ஓட்டத் தைரியமில்லை. "எங்கேயாவது நடு ரோட்டில் நின்று விடும் சார்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம்.

ஒரு காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வண்டி நின்றால் அடுத்த டாக்சி ஸ்டாண்டிலேயே அம்பாசடர் அத்துப்படியான ஒரு மிஸ்திரி இருப்பார். பதினைந்து வருடம் ஆன வாடகை வண்டிகள் நகரத்தில் ஓடக் கூடாது என்று 2008-ல் உயர்நீதிமன்றம் சொன்னது. புது அம்பாசடர் வருவதும் 2014-ல் நின்றது. மஞ்சள் டாக்சிகள் குறையக் குறைய அந்த மிஸ்திரிகளும் குறைந்து போனார்கள். இப்போதுள்ள பையன்கள் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துப் பழகியவர்கள். நம் வண்டியில் செருக இடமே கிடையாது. ஆகவே வண்டிக்காரரே கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் மிஸ்திரி அல்ல. மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், முப்பது வருடமாக ஒரே அம்பாசடரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். நான் சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு வந்த எஞ்சின் வம்சம் அது. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டீசல் வண்டிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், அதில் தீப்பொறியே கிடையாது.

முதலில் ஒரு கேள்வி. இதை வங்காளத்தில் கேட்டால் இன்னும் சுருக்கமாக இருக்கும்: வண்டி 'ஹடாத்' நின்றதா, 'ஆஸ்தே ஆஸ்தே' நின்றதா? அதாவது திடீரென்று, யாரோ சாவியைத் திருப்பியதுபோல் ஒரே நொடியில் செத்ததா? அல்லது இருமி, குலுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் உயிர் வந்து, மறுபடி தளர்ந்து நின்றதா? முன்னது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. பின்னது பெரும்பாலும் பெட்ரோல் வராத கோளாறு. கார்புரேட்டர் தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் தள்ளாடித் தள்ளாடித்தான் நிற்கும். தீப்பொறி போனால் தள்ளாட நேரமே கிடையாது. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி வேலையை இந்தக் கேள்வி முடித்துவிடும். ஓட்டியவர் நீங்கள்தான், ஆகவே பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். மிஸ்திரி அப்போது வண்டியில் இல்லை.

நிற்கும்போது டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு, அதாவது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததா என்றும் கவனியுங்கள். எஞ்சின் நின்று சாவி ஆன் நிலையில் இருந்தால் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் இக்னிஷன் ஸ்விட்சுக்கோ அதற்கு வரும் வயருக்கோ கரண்டே வரவில்லை. அதை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றுவது வீண்.

இனி நம் ஊரில் மிகவும் குழப்பும் கோளாறுக்கு வருகிறேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம், அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு நிற்கும். எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எழாது. ஆளை அனுப்பி மிஸ்திரியைக் கூட்டிவர முக்கால் மணி நேரம் ஆகும். அவர் வந்து சாவியைத் திருப்பினால் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும்! அவர் என்ன செய்வார் பாவம், பிளக்கைத் துடைத்து, எதையோ ஒன்றை மாற்றிவிட்டுப் போவார். நாலு நாள் கழித்து அதே கதை.

இப்படித் தானாகக் குணமாகும் நோய் முக்கியமாக மூன்று. மூன்றும் வெளியே ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்று, இக்னிஷன் காயில். அதற்குள்ளே மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். வயதான காயிலில் சூடு ஏறும்போது கம்பி விரிந்து எங்கோ விட்டுப்போகும், அல்லது கம்பியின் மேல்பூச்சு தாங்காமல் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் கசியும். ஆறியதும் பழையபடி சேர்ந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறிய கண்டென்சரும் இதே வித்தை காட்டும்.

இரண்டு, டாக்சிக்காரர்கள் 'ஏர் லாக்' என்று சொல்வது. உண்மையில் அது காற்று அல்ல, பெட்ரோல் ஆவி. சித்திரை, வைகாசி வெயிலில் உல்டாடாங்கா நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் சூட்டில் குழாயிலும் பம்பிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளத்தான் செய்யப்பட்டது, ஆவியை அதனால் தள்ள முடியாது.

மூன்றாவதை யாரும் நினைப்பதே இல்லை. பெட்ரோல் டாங்கின் மூடி. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று புக வேண்டும். அந்த வழி தூசியில் அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நிறுத்தி வைத்தால் மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும்.

இவற்றைப் பிரித்து அறிய ஒரே நேரம்தான் உண்டு: வண்டி நின்ற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம். ஆறிய பிறகு எந்தப் பரிசோதனையும் 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும். ஆகவே மிஸ்திரியைத் தேடி ஓடும் முன் வண்டியை ஓரம்கட்டிவிட்டு மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில் டாங்க் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி எழுந்துவிட்டால் விஷயம் முடிந்தது. மூடியைச் சுத்தம் செய்தால் போதும்.

அடுத்து தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் தடித்த வயரைப் பிடுங்கி, அதன் உலோக முனையை எஞ்சின் இரும்பிலிருந்து அரைக்கால் அங்குலம், கால் அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடியுங்கள், வெறும் கையால் வேண்டாம். பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும் இடம் அது. பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையே கூடாது. இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று பொறி குதித்தால் காயில் நல்லது. மஞ்சளாக மெலிந்து தெரிந்தால் கண்டென்சர் அல்லது காயில் மேல் சந்தேகம். பொறியே இல்லையென்றால் ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் இணைத்து, ஒன்றைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பல்பு மின்னி மின்னி எரிந்தால் சி.பி. பாயிண்ட் திறந்து மூடுகிறது என்று அர்த்தம். விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்கு. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, கண்டென்சர் ஷார்ட், அல்லது காயிலுக்குள்ளேயே வழி அறுந்திருக்கிறது. காயிலின் மறுமுனையில் பல்பை வைத்து, அங்கே கரண்ட் வந்து சேர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதாகப் பெட்ரோல். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால், சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பெட்ரோல் பீச்சும். டார்ச் அடித்துப் பாருங்கள், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். பீச்சினால் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. பீச்சாவிட்டால், தீப்பொறி நன்றாக இருந்தால், பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி எழுந்தால் அது ஏர் லாக். எழவே இல்லையென்றால் பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஈரத்துணியைக் காயில், பம்பு இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். வண்டி எழுந்துவிடும், ஆனால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

எங்கள் பிளாக்கில் ஒரு வங்காளித் தம்பதி. அவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பைபாஸ் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவர்களிடம் இருந்தது 1986 மாடல் அம்பாசடர்தான். கதவு அகலமாகத் திறக்கும், சீட் உயரம், உடம்பு முடியாதவர் குனியாமல் ஏறி உட்காரலாம், சிகிச்சை முடிந்து வரும்போது பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். அந்த வண்டி மூன்று முறை வழியில் நின்றுவிட்டது. ஒரு முறை அவர் உள்ளே மயங்கிக் கிடக்க, அந்த அம்மாள் ரோட்டில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு கராஜில் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். அவ்வளவு பணம் போட வழியில்லாமல் பழைய இரும்புக்காரரிடம் விலை பேசி முடித்துவிட்டார்கள். மறுநாள் எடுத்துப் போக வருவதாக இருந்தது.

நான் அந்த அம்மாளிடம் கேட்டேன்: "பௌதி, காலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது?" ஒரே செல்ஃபில் ஆகிறது என்றார். எப்படி நிற்கிறது என்றேன். "ஹடாத்!" என்று கையைத் தட்டினார். எனக்கு அப்போதே கராஜ்காரர் சொன்னதில் நம்பிக்கை போய்விட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போன எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் அதிகம் அடம் பிடிக்கும். காலையில் ஒரே திருப்பில் எழுவது, ஓடும்போது ஒரு நொடியில் சாவது, ஆறியதும் பிழைப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் அது எஞ்சினின் உடம்பு நோய் அல்ல.

சாயங்காலம் அவர்கள் டிரைவரும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே எங்கும் போகாமல் கருணாமயி பக்கம் ஐலண்டுகளைச் சுற்றிக்கொண்டே இருந்தோம். நின்றால் தள்ளிக்கொண்டு வர வேண்டுமே! இருபத்தைந்தாவது நிமிடம் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. டாங்க் மூடியில் சத்தமில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சியது. தடித்த வயரில் பொறி இல்லை. பல்பு மட்டும் ஒழுங்காக மின்னியது. ஈரத்துணியைக் காயிலின் மேல் மட்டும் சுற்றிவிட்டு டிரைவர் ஒரு பீடி குடித்து முடித்தார். செல்ஃப் அடித்ததும் வயரில் நீலப்பொறி குதித்தது. மறுநாள் மல்லிக் பஜாரில் காயில் வாங்கி மாட்டினோம், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரும்புக்காரருக்கு அந்த அம்மாளே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன கடைசி நாள் வரை, ஏறக்குறைய இரண்டு வருடம், அந்த வண்டியில்தான் போய் வந்தார்.

மழைக்காலத்துக்கு வேறு கணக்கு. சால்ட் லேக் இருக்கும் இடமே உப்பு ஏரி. அறுபதுகளில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கிய நிலம். ஆடி, ஆவணியில் பலத்த மழை பெய்தால் அது ஏரியாக இருந்த ஞாபகம் அதற்கு வந்துவிடும். தேங்கிய நீரில் போகும்போது ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும். அப்படி நின்றால் செல்ஃப் அடித்துப் பேட்டரியைக் காலி செய்யாமல், மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடிக்குள் பென்சிலால் கிறுக்கினாற்போல் கறுப்புக் கோடு தெரிந்தால் அது மின்சாரம் ஓடிய தடம். அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியில் சி.பி. பாயிண்ட்டின் இடைவெளியைப் பாருங்கள். 0.015 அங்குலம் இருக்க வேண்டும். தேயத் தேய இது குறைந்துகொண்டே வந்து கடைசியில் திறக்காமலே போகும். அளவுத் தகடு கையில் இல்லாவிட்டால் தடித்த விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்க்கலாம், வழியில் சமாளிக்க அது போதும்.

சமீப வருடங்களில் புதிதாகச் சேர்ந்த தொல்லை ஒன்று, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. நம் வண்டிகளின் ரப்பர்க் குழாயும் பம்பு டயாப்ரமும் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி இளகிவிடுகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் நிற்கும் வண்டியில், நம் ஊர்ப் புழுக்கத்தில், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் குழாய்க்கு முதலில் போவது அதுதான். நெடுநாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகி நூறு கஜம் போய் நின்றால், கார்புரேட்டர் தொட்டிப் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாக ஒரு படலம் தெரியும். அப்போது டாங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வண்டியை அரை மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

டிக்கியில் ஒரு காயில், ஒரு கண்டென்சர், ஒரு செட் பாயிண்ட், ஒரு ரோட்டர், வயர் கட்டிய பல்பு, ஒரு பழைய துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மல்லிக் பஜாரில் வாங்கப் போகும்போது பழைய சாமானையும் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கிய பாகங்களை ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு டிக்கியில் வையுங்கள். போலிச் சரக்கு அங்கே ஏராளம், நடு ரோட்டில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.