பக்கெற்றில் யாருடைய படம்?

நயினாதீவு இறங்குதுறையடியில் கடை வைத்திருக்கும் என் மருமகன், பனங்கட்டிப் பக்கெற்றுக்குப் புதிய லேபல் அடிக்கப் புறப்பட்டான். படகில் வரும் பிள்ளைகள் கண்டதும் கேட்கவேண்டுமாம். "மாமா, இந்தத் தடியனின் படத்தைப் போட்டால் என்ன?" என்று கைத்தொலைபேசியை நீட்டினான். பார்த்தால், டிஸ்னியின் 'ரெக்-இட் ரால்ஃப்'.

2012இல் வெளியான அந்தக் கார்ட்டூன் படம், காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் இயந்திரங்களின் கதை. ஒரு விளையாட்டுக்குள் 30 வருடம் வில்லனாக இருந்து சலித்த ரால்ஃப், பதக்கம் தேடி வேறு விளையாட்டுக்குள் ஓடுகிறான். செலவு சுமார் 165 மில்லியன் டொலர். உலக வசூல் சுமார் 470 மில்லியன்.

நாம் பார்க்கவேண்டியது அதன் வியாபாரக் கணக்கை. படத்தில் வில்லன்கள் கூடிப் பேசும் ஒரு காட்சி உண்டு. அதில் வரும் பவுசர் நின்டெண்டோவின் சொத்து. சாங்கீஃப் கப்கொம்மின் சொத்து. டிஸ்னியே அனுமதி பெற்றுத்தான் அவர்களைக் காட்டியது. ரால்ஃபை மட்டும் தானே உருவாக்கிக்கொண்டது. பொம்மை விற்கவும், 2018இல் இரண்டாம் பாகம் எடுக்கவும் அவனுக்காக வெளியில் யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டியிருக்கவில்லை.

ரால்ஃபின் விளையாட்டைப் பார்த்தால் 1981இல் வந்த 'டொங்கி கொங்' நினைவுக்கு வரும். அதன் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவுக்கு அனுப்பிய சுமார் 2000 இயந்திரங்கள் விற்காமல் தேங்க, அவற்றுக்குள் போட ஒரு புதிய விளையாட்டு நின்டெண்டோவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. பொப்பாய் பாத்திரங்களைக் கேட்டார்கள், உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே மியாமோட்டோ என்ற இளைஞர் ஒரு குரங்கையும் ஒரு தச்சனையும் உருவாக்கினார். அந்தத் தச்சன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மாரியோ!

"தீவுக்குள் யார் மாமா வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றான் மருமகன். யாத்திரிகர் கையோடு பக்கெற் கொழும்புக்கும் மாத்தறைக்கும் போகிறதே! எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சித்திரம் வரைந்தவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடும், பதிவுகூடத் தேவையில்லை. இணையத்தில் சும்மா கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. சொந்தக் குறியென்றால், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதியலாம். பதிவு 10 வருடம் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம்.

இப்போது அவனுடைய மகள் நெடுந்தீவுக் குதிரை ஒன்றை வரைந்திருக்கிறாள். கால்கள் கொஞ்சம் கட்டை. அச்சகத்துக்குப் போயிருப்பது அதுதான். வரைந்தவளுக்கே உரிமை என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாப்பாவிடம் ஐஸ்கிரீம் கேட்டு நிற்கிறாளாம்.