எலெக்ட்ரோலிசிஸ்: 'இனி முடியே வளராது' என்பது உண்மையா?

தெம்பனிஸில் டௌன்டவுன் ரயிலில் ஏறினால் மாறாமலேயே லிட்டில் இந்தியா போய்விடலாம். வார இறுதியில் புருவம், மேலுதடு, தாடைக்குத் திரெடிங் செய்ய அப்படிப் போகிறவர்கள் நம்மில் பலர்.

நூலால் எடுத்த முடி சில வாரத்தில் மீண்டும் எட்டிப் பார்க்கும். "ஒரேயடியாப் போக வழியே இல்லையா?"

இருக்கிறது. அதன் பெயர் எலெக்ட்ரோலிசிஸ். ஆனால் அதற்கு நிறைய நேரமும் பொறுமையும் வேண்டும். அதைவிட முக்கியம், முடி ஏன் வளருது என்பதை முதலில் தெரிந்துகொள்வது.

எப்படி வேலை செய்யுது?

முடியைப் போலவே மெல்லிய ஊசி ஒன்றை மயிர்க்காலுக்குள் நுழைத்து, அதன் வழியே சிறிதளவு மின்சாரம் செலுத்துவார்கள். முடியை வளர்க்கும் செல்கள் அழியும். பிறகு முடியை இடுக்கியால் எடுப்பார்கள்.

சரியாகச் செய்திருந்தால் முடி இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வரும். வெடுக்கென்று பிடுங்குவதுபோல் இருந்தால், வேர் இன்னும் அழியவில்லை என்று அர்த்தம்.

இதில் 3 வகை உண்டு:

- கால்வானிக்: நேர் மின்னோட்டம் மயிர்க்காலில் உள்ள உப்பையும் நீரையும் சோடியம் ஹைட்ராக்சைடாக மாற்றும். அந்தக் காரம் வேரை அழிக்கும். மெதுவான முறை.
- தெர்மோலிசிஸ்: வெப்பத்தால் அழிக்கும். வேகமானது.
- பிளெண்ட்: இரண்டும் சேர்ந்தது.

இது புதிய தொழில்நுட்பம் இல்லை. கண்ணைக் குத்தும் இமை முடிகளை அகற்ற, சார்ல்ஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1875ஆம் ஆண்டிலேயே இதைப் பயன்படுத்தினார்.

லேசர் போதாதா?

லேசர் ஒளி, முடியில் உள்ள மெலனின் என்ற நிறமியைத் தேடிச் சூடாக்கும். நம் சருமத்திலும் அதே நிறமி அதிகம். கருவி பொருத்தமாக இல்லாவிட்டால் சருமமும் சேர்ந்து சூடாகித் தீப்புண்ணோ கரும்திட்டோ வரலாம்.

கருமையான சருமத்துக்கு 1,064 நானோமீட்டர் அலைநீள லேசர் ஓரளவு பாதுகாப்பானது. முகத்தில் லேசர் செய்தபின் மெல்லிய முடி தடித்து வளர்வதும் சிலருக்கு நடக்கிறது. நரைமுடியை லேசர் தொடவே தொடாது.

எலெக்ட்ரோலிசிஸ் நிறம் பார்ப்பதில்லை. கறுப்பு, வெள்ளை, பூனைமுடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசரை முடியை 'நிரந்தரமாகக் குறைக்கும்' முறை என்றும் எலெக்ட்ரோலிசிஸை 'நிரந்தரமாக அகற்றும்' முறை என்றும் பிரித்துச் சொல்கிறது.

எத்தனை தடவை போகணும்?

ஒருமுறை போனால் போதாது. முடி வளரும், ஓய்வெடுக்கும், உதிரும். வளரும் கட்டத்தில் இருக்கும் முடிதான் முழுமையாக அழியும். மற்றவை வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முடியாகச் செய்வதால் முதுகு, கால் போன்ற பெரிய பகுதிகளுக்கு நேரம் இன்னும் அதிகம்.

தாடைக்கு மட்டுமே ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆகலாம். தை மாதம் கல்யாணம் என்றால், தீபாவளிக்குத் தொடங்கினால் போதாது.

இடைப்பட்ட நாள்களில் திரெடிங், வேக்ஸிங் வேண்டாம். முடியை வேரோடு எடுத்துவிட்டால் அடுத்த முறை வேலை செய்ய முடி இருக்காது. சவரம் செய்யலாம், கத்தரிக்கலாம். போவதற்குச் சில நாள் முன்பு மட்டும் வளர விடுங்கள்.

வலிக்குமா? தழும்பு வருமா?

வலிக்கும். சுருக்சுருக்கென்று குத்தும், சூடாக இருக்கும். மேலுதட்டில் அதிகம். மரத்துப்போகும் களிம்பு உதவும்.

பிறகு சில மணிநேரம் சிவந்து வீங்கலாம். சின்னப் பொருக்குகள் வந்தால் கிள்ளக்கூடாது. கிள்ளினால் நம் சருமத்தில் கறுப்புப் புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். ஒருநாளாவது ஒப்பனை, நீச்சல் வேண்டாம். சிங்கப்பூர் வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

காயம் ஆறியபின் தழும்பு தடித்து மேடாகும் உடல்வாகு உங்களுக்கு இருந்தால், அல்லது இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி உடலில் பொருத்தப்பட்டிருந்தால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதலில் யாரைப் பார்க்கணும்?

பள்ளியில் 'மீசை' என்று கேலி கேட்டவர்களுக்கு அழகு நிலையம்தான் முதலில் நினைவுக்கு வரும். மேலுதட்டில் கொஞ்சம் முடி பலருக்கும் இருப்பதுதான், அது நோய் இல்லை. ஆனால் தாடை, மார்பு, அடிவயிற்றில் தடித்த முடி கூடிக்கொண்டே போகிறதா? மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லையா? முகப்பரு அடங்கவே மாட்டேங்குதா?

பிசிஓஎஸ் எனும் ஹார்மோன் பிரச்சினையாக இருக்கலாம். உலக அளவில் பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது உண்டு. பலருக்கு இருப்பதே தெரியாது. பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பையும் கருத்தரிப்பதில் சிரமத்தையும் அது கூட்டும்.

எலெக்ட்ரோலிசிஸ் அழிப்பது ஊசி தொட்ட மயிர்க்காலை மட்டுமே. ஹார்மோன் பக்கத்திலுள்ள பூனைமுடிகளைத் தடிக்க வைத்துக்கொண்டே இருந்தால், செலவுக்கு முடிவே இருக்காது.

அதனால் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியத் தோல் நிலையத்துக்கோ அனுப்புவார்கள். சில மாதங்களுக்குள் முடி வேகமாகக் கூடினாலோ குரல் தடித்தாலோ தாமதிக்கவே கூடாது.

பணம் கட்டும்முன் கேட்க வேண்டியவை

- ஒவ்வொருவருக்கும் புதிய, கிருமி நீக்கிய ஊசியா? உறையை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். பழைய ஊசியால் ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி போன்ற தொற்றுகள் பரவலாம்.
- என்னைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குச் செய்த அனுபவம் உண்டா?
- முதலில் சிறிய இடத்தில் செய்து பார்க்கலாமா?
- ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கட்டலாமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு அதிகமாகப் புகார் வரும் துறைகளில் அழகுத் துறையும் ஒன்று. 'இன்றைக்கே கட்டினால் பாதி விலை' என்று 30 முறைக்கான தொகுப்பை நீட்டினால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பலாம்.