38-உம் 130-உம்



2025 செப்டம்பரில் ஒருநாள் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கும் முறை எனக்கு வந்தது. “உலகப் புத்தாக்கக் குறியீட்டில் இந்தியா 139 நாடுகளில் 38-ஆம் இடம்” என்று வாசித்தேன். எல்லோரும் கை தட்டினீர்கள். 2015-இல் 81-ஆம் இடத்தில் இருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் கைதட்டல்.

பிறகு நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டைப் புரட்டும்போது இன்னொரு செய்தி கண்ணில் பட்டது. அதே 2025, மே மாதம். மனித வளர்ச்சிக் குறியீட்டில் 193 நாடுகளில் இந்தியா 130. எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரே நாடு, ஒரே வருடம். ஒன்றில் 38, ஒன்றில் 130. ஒன்று பொய்யோ? சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். “ரெண்டும் நிஜம்தான், ஏன்னு நீயே கண்டுபிடிச்சு சுவர் இதழ்ல எழுது” என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புத்தாக்கம் என்றால் என்ன? புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சு, அதை நாலு பேர் பயன்படுத்துற மாதிரி செய்யறது. கண்டுபிடித்து அலமாரியில் பூட்டி வைத்தால் அது புத்தாக்கம் ஆகாது. இதை அளக்க, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு ஒவ்வொரு வருடமும் பட்டியல் போடுகிறது. சுமார் 80 விஷயங்களைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். பாதி மார்க் ஒரு நாடு உள்ளே போடுவதற்கு: கல்வி, ஆராய்ச்சிச் செலவு, சாலை, மின்சாரம், நல்ல ஆட்சி இப்படி. மீதிப் பாதி வெளியே வருவதற்கு: காப்புரிமைகள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஏற்றுமதி, கலைப் படைப்புகள் இப்படி.

2011-இல் இருந்து தொடர்ந்து முதலிடம் சுவிட்சர்லாந்து. மனித வளர்ச்சியிலும் அந்த நாடு நார்வேயோடு சேர்ந்து இரண்டாம் இடம். அதாவது ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் அங்கே உயரம். ஆகவே புத்தாக்கம் வந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது அறிவியல் ஐயா ஒரு வேடிக்கையான விஷயம் சொன்னார்.

2012-இல் மெஸ்ஸர்லி என்ற இதய மருத்துவர் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். 23 நாடுகளை எடுத்து, எந்த நாட்டு மக்கள் எவ்வளவு சாக்லேட் தின்கிறார்கள், மக்கள்தொகைக்கு எத்தனை நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள் என்று புள்ளி வைத்துப் பார்த்தார். சாக்லேட் ஏற ஏற நோபலும் ஏறுகிறது! இரண்டிலும் உச்சியில் சுவிட்சர்லாந்து. அப்படியானால் இடைவேளையில் தினமும் சாக்லேட் தின்றால் நமக்கும் நோபல் கிடைக்குமா? (கடைசி பெஞ்ச் பையன்கள் முயற்சி செய்யத் தயாராக இருக்கிறார்கள்.) கிடைக்காது. காசு இருக்கிற நாட்டில் சாக்லேட்டும் வாங்குவார்கள், ஆராய்ச்சிக்கூடமும் கட்டுவார்கள். இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. ஆடி மாசம் காத்தும் அடிக்குது, அம்மனுக்குக் கூழும் ஊத்தறாங்க. கூழ் ஊத்தறதாலயா காத்து அடிக்குது?

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை நானே யோசித்தேன். புத்தாக்க மார்க்கிலேயே கல்விக்கும் மார்க் இருக்கிறது. அப்புறம் “கல்வி உயர்ந்த நாட்டில் புத்தாக்க மார்க்கும் உயர்ந்திருக்கிறது” என்று ஆச்சரியப்படுவது எப்படி? கணக்கில் மார்க் ஏறினால் டோட்டலும் ஏறத்தானே செய்யும்!

சரி, எது முன்னால் வந்தது என்று பார்க்க ஒரு நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். தென்கொரியா. 1953-இல் போர் நின்றபோது அது மிக ஏழை நாடு. இன்று செல்போன் விற்கும் சாம்சங் 1938-இல் தொடங்கியபோது கருவாடும் நூடுல்ஸும் வியாபாரம் செய்த கம்பெனி. போருக்குப் பிறகு அவர்கள் முதலில் செய்தது ஊர் ஊராகத் தொடக்கப் பள்ளி. 1950-கள் முடிவதற்குள் அந்த வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1966-இல், கொரிய அறிவியல் தொழில்நுட்பக் கழகம் என்ற பெரிய ஆராய்ச்சி நிறுவனம். பள்ளிக்கூடம் முதலில், ஆராய்ச்சிக்கூடம் அடுத்து. இன்று நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு சுமார் 5 ரூபாயை ஆராய்ச்சிக்குப் போடுகிறார்கள். 2025 பட்டியலில் 4-ஆம் இடம். நாம் 2020-21 கணக்குப்படி 100 ரூபாய்க்குப் போட்டது 64 காசு.

ஆனால் கொரியாவிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கே ஆண் 100 ரூபாய் சம்பளம் வாங்கினால் பெண் வாங்குவது சுமார் 70 ரூபாய்தான். வளர்ந்த நாடுகளிலேயே இதுதான் பெரிய இடைவெளி. முதலிடத்துச் சுவிட்சர்லாந்திலும் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடைத்தது 1971-இல்தான்! நம் நாட்டுப் பெண்கள் 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. புது மெஷின் கண்டுபிடிக்கிற நாடு பெண்களை மதிக்கிற நாடாகவும் இருக்கும் என்று கட்டாயம் இல்லை. அது தனியாகப் போராடி வாங்க வேண்டியது.

இப்போது நம் 38-க்கும் 130-க்கும் வருவோம். நம் புத்தாக்க மார்க்கைத் தூக்கிவிடுவதில் கம்ப்யூட்டர் சேவை ஏற்றுமதிக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த வேலை பெரும்பாலும் சில பெரிய நகரங்களில் நடக்கிறது. 2024-இல் உலகின் முதல் 100 அறிவியல் தொழில்நுட்ப மையங்களில் நம் நாட்டில் இருந்து பெங்களூரு, தில்லி, சென்னை, மும்பை நான்கும் இருந்தன. நாலு ஊர் நன்றாக ஓடினால் இந்த ரேங்க் ஏறிவிடும். மனித வளர்ச்சி அப்படி இல்லை. அது சராசரி. நம்ம ஊர் பாட்டியின் ஆயுளும், ஆடு மேய்க்கிற தாத்தாவின் படிப்பும் அதில் கணக்கு. ஒரு வகுப்பில் நாலு பேர் சென்டம் வாங்கினால் போர்டில் பேர் எழுதுவார்கள். ஆனால் வகுப்புச் சராசரி கேட்டால் கடைசி பெஞ்சையும் கூட்டித்தான் வகுக்க வேண்டும்.

அந்தப் படிப்புக் கணக்கு என்ன தெரியுமா? இந்தியாவில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பள்ளியில் படித்தது சராசரியாக ஏறத்தாழ 7 வருடம். நான் ஒன்பதாவது. சராசரியைத் தாண்டிவிட்டேன்! எங்கள் தெருவில் ஓர் அக்கா நன்றாகப் படிப்பார்கள். பத்தாவதுக்கு மேல் டவுனுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும், சாயங்காலம் திரும்பி வர நேரமாகிவிடும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த அக்கா கணக்கில் 10.

இதை வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா அஞ்சாவது வரை படித்தவர்கள். பூ கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அந்த ஏழுல நானும் இருக்கேனா?” என்றார்கள்.

“நீ இருக்கேம்மா. நான்தான் இல்ல. 25 வயசு ஆனாத்தான் சேத்துப்பாங்க. எனக்கு இன்னும் 11 வருஷம் இருக்கு.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “காலைல அந்தக் கடைசி பஸ்ஸு டவுன்ல இருந்து எத்தனை மணிக்குக் கெளம்புதுன்னு உங்கப்பாவ விசாரிக்கச் சொல்லணும். காலைல இல்லடி, சாயங்காலம்” என்றார்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி