ஐந்து வகுப்புகளும் மூன்று ஆசிரியர்களும்

இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்கள் கல்வி கற்கின்றனர். அவர்களுக்கென 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் கடமையாற்றுகின்றனர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 17 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விடை கிடைக்கின்றது. குறை கூற முடியாத விகிதம்தான். அவ்வாறாயின், ஆசிரியர்களை நியமிக்குமாறு கோரிப் பெற்றோர்கள் பாடசாலை வாயிலை மூடி ஆர்ப்பாட்டம் செய்யும் செய்திகள் ஆண்டுதோறும் வெளிவருவது ஏன்?

இந்தச் சராசரியில் நகரத்துத் தேசியப் பாடசாலையும் தோட்டத்து ஆரம்பப் பாடசாலையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதே முதற் காரணம். மற்றைய காரணம் கணக்கின் முறையிலேயே உள்ளது. ஆளணி பெரும்பாலும் மாணவர் தொகையைக் கொண்டே பார்க்கப்படுகின்றது. தரம் 1 முதல் 5 வரை 70 பிள்ளைகள் கற்கும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். அங்கு மூன்று ஆசிரியர்கள் இருந்தால் 23 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் ஆகின்றது. கோவையில் குறை தெரியாது. ஆனால் வகுப்புகள் ஐந்து. பிள்ளைகள் 70 ஆனாலும் 170 ஆனாலும் வகுப்புகளின் எண்ணிக்கை ஐந்துதான். மூவரில் ஒருவர் அதிபராகவும் இருப்பார். இன்னொருவர் பிரசவ விடுமுறையில் சென்றால் மீதியை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நாட்டின் 10 ஆயிரத்துச் சொச்சம் பாடசாலைகளில் ஏறத்தாழ 3 ஆயிரம் பாடசாலைகள் 100 மாணவருக்கும் குறைந்தவை என்பதால் இதனை அபூர்வமான நிலைமை என ஒதுக்கிவிட முடியாது.

இருக்கின்ற ஆசிரியர்களை எந்த வகுப்புக்கு அனுப்புவது? இங்கேதான் பெரிய அநீதி நிகழ்கின்றது. பாடசாலையின் பெயர் தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றில் தங்கியிருப்பதனால், அனுபவம் மிக்கவர் அந்த வகுப்புக்கே ஒதுக்கப்படுகின்றார். தரம் 1உம் 2உம் ஒரே அறையில் ஒன்றாக அமர்த்தப்படுகின்றன. எழுத்தை முதன்முதலாகக் காணும் பிள்ளையும், சொற்களைக் கூட்டி வாசிக்க வேண்டிய பிள்ளையும் ஒரே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தரம் 2இல் வாசிக்கப் பழகாத பிள்ளையைத் தரம் 5இல் எந்த வழிகாட்டிப் புத்தகத்தாலும் கரைசேர்க்க இயலாது. பல்தர வகுப்புக் கற்பித்தல் என்பது தனியான பயிற்சி வேண்டும் ஒரு கலை. முறையாகச் செய்தால் நற்பயன் தரும். எமது பாடசாலைகளிலோ அது ஆளில்லாத குறையை மறைக்கும் திரையாகவே பெரும்பாலும் உள்ளது.

கல்விசாரா ஊழியர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பெரிய பாடசாலையில் முகாமைத்துவ உதவியாளர், சிற்றூழியர், காவலாளி என ஆட்கள் உண்டு. சிறிய ஆரம்பப் பாடசாலையில் இவர்கள் அனைவரும் அதிபர் ஒருவரே. 1980 முதல் வழங்கப்படும் இலவசப் பாடநூல்களையும், 1993 முதல் வழங்கப்படும் சீருடைத் துணியையும் எண்ணிப் பொறுப்பேற்பது, உணவுத் திட்டத்தின் கணக்கை எழுதுவது, வலயக் கல்விப் பணிமனை கேட்கும் படிவங்களை நிரப்பி நேரில் கொண்டு சேர்ப்பது யாவும் அவர் தலையில்தான். அவர் பணிமனைக்குச் செல்லும் நாளில் ஒரு வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. மலசலகூடத்தைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாவிடின் அதனைப் பெற்றோரோ பிள்ளைகளோதான் செய்கின்றனர்.

நியமனங்கள் வழங்கப்படுவதில்லை என்றும் கூறிவிட முடியாது. கல்வியியற் கல்லூரிகளில் ஆரம்பக் கல்வி டிப்ளோமா பெற்றவர்கள் கஷ்ட, அதிகஷ்டப் பிரதேசங்களுக்கு அனுப்பப்படவே செய்கின்றனர். படுவான்கரைக்கும் நெடுந்தீவுக்கும் முசலிக்கும் செல்லும் இளம் ஆசிரியைக்குத் தங்குமிடம் கிடைப்பதில்லை. பஸ் சேவையும் குறைவு. கட்டாயச் சேவைக் காலம் முடிந்ததும் அவர் இடமாற்றம் கோருவதைத் தவறென்று சொல்ல இயலாது. அரசியல் செல்வாக்கினால் அக்காலம் முடியுமுன்னரே நகரத்துக்குத் திரும்புவோரின் கதை வேறு. மலையகத்தில் 2015ஆம் ஆண்டளவில் மாதம் 6 ஆயிரம் ரூபா கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டனர். அத்தொகை பின்னர் 10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்தில் எவர்தான் நிலைத்திருப்பார்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதுடன், வெளிநாடு செல்லச் சம்பளமற்ற விடுமுறையும் வழங்கப்பட்டது. வெற்றிடங்கள் பெருகிய அதே வேளையில் புதிய ஆட்சேர்ப்புகள் மட்டுப்படுத்தப்பட்டன.

சிறிய பாடசாலைகளை மூடி அருகிலுள்ளவற்றுடன் இணைக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது முன்வைக்கப்படுகின்றது. நகர்ப்புறத்தில் அது பொருந்தலாம். ஆசிரியர் இல்லையென்று வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை நகரத்துக்கு மாற்றுகின்றனர். மாணவர் தொகை குறைகின்றது. அதனால் ஆளணியும் குறைக்கப்படுகின்றது. இறுதியில் மாணவர் இல்லையென்று பாடசாலை மூடப்படுகின்றது. பிள்ளைகள் விரும்பி விலகவில்லை என்பது அந்தக் கோவையில் எழுதப்படுவதில்லை.

மாறாக, தரம் 1 முதல் 5 வரையுள்ள எந்தப் பாடசாலைக்கும், மாணவர் தொகை எதுவாயினும், அதிபர் நீங்கலாகக் குறைந்தது நான்கு ஆசிரியர்கள் என வரையறுப்பது இயலாத காரியமன்று. தரம் 1க்கும் 2க்கும் தனித்தனி ஆசிரியர் இருப்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். அயலிலுள்ள நான்கைந்து பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு முகாமைத்துவ உதவியாளரை நியமித்து, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பினாலே அதிபர் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவார். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. ஆளணி அனுமதிக் கடிதமும், இடமாற்றப் பட்டியலில் கைவைக்காத அரசியல்வாதிகளும் போதும். இவற்றுள் முதலாவதை முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திடமிருந்து பெறும் பொறுப்பு மாகாணக் கல்வி அதிகாரிகளைச் சார்ந்தது.