ஒரு படமல்ல, ஒரு வரிசை!

சிவகாசி அச்சகங்களிலே குழந்தைகள் சிரிக்கிறார்கள்! பட்டாசுப் பெட்டியின் மேலே, காலண்டரிலே, தீப்பெட்டி லேபிளிலே சிரிக்கிறார்கள். கொழுத்த கன்னம், கையிலே மத்தாப்பு, கண்ணிலே களிப்பு! அந்த லேபிளை ஒட்டிய விரல்களும் ஒரு காலத்தில் பிஞ்சு விரல்களே. ஆனால், ஒட்டிய குழந்தையின் முகம் எந்தப் பெட்டியிலும் அச்சேறவில்லை.

உழைக்கும் குழந்தையின் முகத்தை அச்சிலே ஏற்றினார் ஓர் ஓவியர். வங்கத்திலே 1915-இல் பிறந்தவர், பெயர் சித்தபிரசாத். பட்டாச்சார்யா என்பது குலம் தந்த பட்டம். சாதியை வெறுத்தவர், அந்த வாலை வெட்டி எறிந்துவிட்டு வெறும் சித்தபிரசாத்தாகவே வாழ்ந்தார்!

1943. வங்கத்திலே பஞ்சம். மனிதர்கள் சருகாய் உதிர்ந்தார்கள். மேதினிப்பூர் மாவட்டத்திலே ஊர் ஊராகச் சென்றார் அவர். கண்டவர்களை வரைந்தார், அவர்கள் கதையையும் எழுதினார். 'பசித்த வங்காளம்' என்ற ஏடு பிறந்தது. பறிமுதல் செய்தது வெள்ளையர் அரசு!

கறுப்பு மையிலே வரைந்த சில படங்களைக் கண்டு பீரங்கி வைத்திருந்த பேரரசு ஏன் பதற வேண்டும்?

ஒரே ஒரு படமென்றால், "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். வரிசையாக வந்தால்? முதல் படம் இரக்கத்தைக் கேட்கும். ஐந்தாவது படம் காரணத்தைக் கேட்கும். பத்தாவது படம் கணக்கைக் கேட்கும்! கணக்குக் கேட்கும் படத்தை எந்த ஆதிக்கக்காரன் பொறுப்பான்?

1951, 52-ஆம் ஆண்டுகளிலே மற்றொரு வரிசையைத் தொடங்கினார். இம்முறை குழந்தைகள். ஏடு ஏந்த வேண்டிய கையால் உழைக்கும் குழந்தைகள்! தேவதைக் கதை கேட்டறியாத தேவதைகள் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு.

தரையிலே விரிக்கும் லினோலியத்தை உளியால் செதுக்கி, மை தடவி, தாளிலே ஒற்றி எடுத்த படங்கள் அவை. அச்சகத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. மலிவான பொருள், ஒன்றைச் செதுக்கினால் பல படி எடுக்கலாம். மாளிகைச் சுவருக்கு ஒரே ஒரு படமல்ல, மக்கள் கைக்குப் பல படிகள்! 1969-இலே டென்மார்க்கின் யுனிசெப் குழு அந்த வரிசையை நூலாக வெளியிட்டது.

1920-களிலே பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். வானம் பார்த்த பூமிக்குப் பிழைப்பு வந்தது, மறுக்கவில்லை. தொழில் வங்கத்திலிருந்து வந்தது. தொழிலாளியைப் பார்க்கும் கண்ணும் அங்கிருந்து வரட்டுமே!

அந்தக் கண்ணால் நம் வட்டாரத்தைப் பாருங்கள். 1991-இலே மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5-இலே முதலிப்பட்டி. பல உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரியிலே அச்சங்குளம். ஒவ்வொரு முறையும் அது ஒரு 'விபத்து'. இரங்கல் உண்டு, நிவாரணம் உண்டு, மறதியும் உண்டு! தனித்தனியாகப் பார்த்தால் விதி என்பான் பூசாரி, தற்செயல் என்பான் முதலாளி. வரிசையாக வைத்துப் பாருங்கள்! விதி தெரியாது, விதிமீறல் தெரியும்.

குழந்தைகளின் உழைப்பைப் பற்றி 1996-இலே உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டவிரோதமாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் தர வேண்டும் என்றது. அந்த வழக்கு எந்த ஊரைப் பற்றியது? நம் சிவகாசியைப் பற்றியது! பல காலம், பலர், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டிய பின்னரே நீதியின் கண் திறந்தது.

சித்தபிரசாத் 1978-இலே மறைந்தார். செல்வம் சேர்க்கவில்லை, சாட்சியம் சேர்த்தார்.

தோழர்களே! நமக்கு உளி பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். சங்க அலுவலகச் சுவரிலே ஆணி அடிக்கத் தெரியுமல்லவா? கருகிய ஒவ்வொரு தோழரின் படத்தையும், ஊரும் தேதியும் எழுதி, வரிசையாக மாட்டுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியை அதன் முன்னே நிறுத்துங்கள்.

அவர் முதல் படத்தைப் பார்த்து வருந்தட்டும். கடைசிப் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்!