புது சைலன்சர் 15,000 ரூபாய்... மொத்தச் செலவு எவ்வளவு?

மரக்காணம் பக்கம் உப்பளத் தொழில்ல இருக்கிற ஒரு கிளையண்ட், வரி விஷயம் பேசும்போது நடுவுல இப்படிக் கேட்டார்: "சார், வண்டிக்கு சைலன்சர் மாத்தினேன், இப்போ டியூனிங் பண்ணியே ஆகணும்னு மெக்கானிக் சொல்றாரு. செலவு பண்ணலாமா?" இதுக்கு என்ஜின் கணக்கும் தெரியணும், பணக் கணக்கும் தெரியணும்.

முதல்ல, நீங்க எதை மாத்தினீங்கன்னு பாருங்க. கடைசித் துண்டை மட்டும் மாத்தினா 'ஸ்லிப்-ஆன்'. என்ஜின்ல இருந்து வர்ற பெண்ட் பைப்போட சேர்த்து மாத்தினா 'ஃபுல் சிஸ்டம்'. 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிகள்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சரும் இருக்கும். ஸ்லிப்-ஆன் போட்டு கன்வெர்ட்டர் பழையபடியே இருந்தா, பெரும்பாலும் தனியா டியூனிங் தேவையே இல்லை. சத்தம் மாறும், பவர் பெருசா ஏறாது.

காரணம் இதுதான். சீரா ஓட்டும்போது, வெளியேறும் புகையில ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சென்சர் பார்க்கும். அதை வச்சு இசியு, 1 கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காத்துங்கிற கணக்குக்குக் கலவையைத் திருத்திக்கிட்டே இருக்கும். ஆனா ஃபுல் த்ராட்டில்ல இசியு சென்சர் பேச்சைக் கேட்காது. கம்பெனி எழுதி வச்ச மேப் படியேதான் பெட்ரோல் விடும். நம்ம ஊர் பைக்குகள் பெரும்பாலானதுல, உள்ளே போற காத்தை நேரடியா அளக்குற மீட்டர் கிடையாது. அதனால ஃபுல் சிஸ்டம் போட்டு காத்துப் போக்கு கூடினது அதுக்குத் தெரியாது. கலவை லீன் ஆகும், என்ஜின் சூடேறும். டியூனிங் தேவைப்படுறது இங்கதான்.

இப்போ நம்ம கடற்கரைக்கே உரிய ஒரு விஷயம். உப்புக் காத்துல பெண்ட் பைப் ஜாயின்ட், போல்ட், கிளாம்ப் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். சென்சருக்கு முன்னாடி ஒரு சின்ன லீக் இருந்தாப் போதும். ஒவ்வொரு புகை அடிக்கும் நடுவுல வெளிக்காத்து உள்ளே இழுபடும். சென்சர் அதை "பெட்ரோல் பத்தலை"ன்னு தப்பாப் படிக்கும், இசியு கூடுதலா ஊத்தும். மைலேஜ் இறங்கும், த்ராட்டிலை விடும்போது பட்பட்னு வெடிக்கும். இந்த வண்டியைக் கொண்டுபோய் டியூன் பண்ணா, லீக்குக்கு மேல மேப் எழுதின கதைதான். அதனால முதல்ல என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி விட்டு நுரை வருதான்னு பாருங்க. சென்சர் ஒயரோட கனெக்டர்ல பச்சை படிஞ்சிருக்கான்னும் பாருங்க. ஒரு பேக்கிங், ரெண்டு போல்ட்டுலயே பிரச்சினை முடிஞ்சிடலாம்!

லீக் கிடையாது, ஃபுல் சிஸ்டம்தான்னா ரெண்டு வழி. ஒண்ணு, இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல மாட்டுற பிக்கிபேக் பெட்டி; இது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மாத்தும், வேண்டாம்னா கழட்டிடலாம். இன்னொண்ணு, இசியு மேப்பையே மாத்தி எழுதுற ஃபிளாஷ். எதுவானாலும் டைனோவுல வைட்பேண்ட் சென்சர் மாட்டி அளந்து பண்ணுறவங்ககிட்டயே போங்க. "சத்தம் கேட்டே செட் பண்ணிடுவேன்"னு சொல்றவருக்குக் காசு கொடுக்காதீங்க.

ஒரு உதாரணக் கணக்கு (உங்க ரேட்டைப் போட்டுக்கோங்க): சைலன்சர் 15,000, பிக்கிபேக் 18,000, டைனோ 6,000, சில்லறைச் சாமான் 1,000. மொத்தம் 40,000. மைலேஜ் 30-ல இருந்து 27-க்கு இறங்கினா, வருஷம் 12,000 கிலோமீட்டருக்கு சுமார் 44 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலும் 4,400 ரூபாய். அதாவது 15,000-னு நினைச்சு ஆரம்பிச்ச செலவு, முதல் வருஷமே 44,000-ஐத் தாண்டுது.

இதைவிடப் பெரிய ரிஸ்க் சட்டத்துல இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புல இருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. சத்தம், புகை விதியை மீறினா 190(2) பிரிவுல முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விழலாம். லைசென்ஸும் 3 மாதம் போகும். கன்வெர்ட்டரைக் கழட்டிப் போடுற ஃபுல் சிஸ்டத்தை, எவ்வளவு நல்லா டியூன் பண்ணாலும் ரோட்டுக்கு வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ரேஸ் டிராக்குக்குன்னா சரி.

இன்சூரன்ஸ்? உங்க வண்டி டேமேஜுக்கு க்ளெய்ம் போடும்போது, சொல்லாம மாத்தினதைக் காட்டிக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுத்துடாதீங்க. மாத்துறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு, பதிலை வாங்கி வைங்க. என்ஜின் வாரண்டிக்கும் இதே வழிதான்.

"கம்பெனிக் கணக்குல போட்டு ஜிஎஸ்டி எடுத்துக்கலாமா?"ன்னும் கேட்டார். முடியாது. ஆளை ஏத்திப் போற சின்ன வண்டிகளுக்கு 17(5) பிரிவுல கிரெடிட் தடை இருக்கு, அதோட ரிப்பேர், சர்வீஸுக்கும் சேர்த்து. உப்புக்கு ஜிஎஸ்டியே இல்லாததால, உப்பு மட்டும் விக்கிறவருக்கு எடுக்க கிரெடிட்டே கிடையாது, அது வேற விஷயம்.

கழட்டின ஒரிஜினல் சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. வண்டியை விக்கும்போது வாங்குறவர் அதைத்தான் கேட்பார். உள்ளே வெளியே எண்ணெய் தடவி, ரெண்டு வாயையும் அடைச்சு, பிளாஸ்டிக்ல சுத்தி வைங்க. நம்ம பக்கத்துக் காத்துல சும்மா பரண்ல போட்டா ஒரே வருஷத்துல துரு ஏறிடும்.