காசநோய்க் கிருமியும் உலோகம் பற்றும் சேர்மங்களும்

காசநோய்க் கிருமி வளர இரும்பு இன்றியமையாதது. நம் உடலோ இரும்பைப் புரதங்களுடன் பிணைத்து வைத்துள்ளது. ஆகவே கிருமி, மைக்கோபேக்டின் என்னும் பொருளை உண்டாக்கி இரும்பைக் கவர்ந்துகொள்கிறது. இப்போட்டியில் குறுக்கிட்டுக் கிருமியை ஒடுக்க இயலுமா என்பதே ஆய்வாளர் முன்னுள்ள வினா.

நண்டு கொடுக்கால் பற்றுவதுபோல் உலோக அயனியைப் பற்றும் சேர்மங்கள் கொடுக்கிணைப்புச் சேர்மங்கள் எனப்படும். இவற்றுள் தயோசெமிகார்பசோன்கள் நைட்ரஜன், கந்தக அணுக்களால் தாமிரம், இரும்பு முதலியவற்றைப் பற்றுகின்றன. திருப்பூணித்துறை அமைந்துள்ள எர்ணாகுளம் மாவட்டத்திலேயே, களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவற்றின் உலோக அணைவுகள் ஆராயப்பட்டுள்ளன.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். திட ஊடகத்தில் அதன் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியப் பல வாரங்கள் செல்லும். எனவே முதற்கட்டத்தில், அதே பேரினத்தைச் சேர்ந்ததும் சில மணி நேரத்தில் இரட்டிப்பதும் பொதுவாக நோய் விளைவிக்காததுமான ஸ்மெக்மாடிஸ் கிருமி பயன்படுகிறது. சேர்மத்தின் அளவைப் படிப்படியாகப் பாதியாக்கிக் குழாய்களில் இட்டு, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிகின்றனர். பின்னரே தகுந்த பாதுகாப்புள்ள கூடத்தில் உண்மையான காசநோய்க் கிருமியின்மீது சோதிக்கின்றனர்.

ஒப்பீடின்றி இம்முடிவுக்குப் பொருளில்லை. உலோக உப்பு மட்டும், சேர்மம் மட்டும், கரைப்பான் மட்டும், அறியப்பட்ட மருந்து ஆகிய நான்கையும் உடன் சோதிக்க வேண்டும். மிகுதியாக இரும்பு சேர்த்தபின் கிருமி மீண்டும் வளருமாயின், இரும்புத் தட்டுப்பாடே அதைத் தடுத்தது எனக் கருதலாம்.

ஒரு படிப்பினை

தயசெட்டசோனும் ஒரு தயோசெமிகார்பசோனே. ஜெர்மானிய அறிஞர் டோமாக் குழுவினர் 1940-களில் இதனை உருவாக்கினர். 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 1960-களில் இதனை ஐசோனியசிடுடன் சேர்த்து நோயாளிகளிடம் ஆராய்ந்தது. விலை குறைவு என்பது இதன் சிறப்பு. ஆயினும் இது உலோகத்தைப் பற்றுவதனாலன்றி, கிருமியின் செல்சுவருக்கு வேண்டிய மைக்காலிக் அமில ஆக்கத்தைத் தடுப்பதனாலேயே செயற்படுகிறது என்பது பின்னர்ப் புலனாயிற்று. எச்.ஐ.வி. தொற்றுடையோரிடம் கடுமையான தோல் விளைவுகள் ஏற்பட்டமையால் இதன் பயன்பாடு கைவிடப்பட்டது.

எனவே உலோகத்தைப் பற்றும் ஆற்றல் மட்டுமே மருந்தின் அடையாளமாகாது. மனித உயிரணுக்களும் இரும்பையும் தாமிரத்தையும் நம்பியே வாழ்கின்றன. கிருமியைத் தடுக்கும் செறிவுக்கும் மனித உயிரணுவைக் கெடுக்கும் செறிவுக்கும் இடையே போதிய இடைவெளி உள்ளதா என்பதே, ஆய்வுக்கூட அறிக்கையைப் படிக்கும் மாணவரும், அத்தகைய ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் அலுவலரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும்.